பெவின் காதில் விழுந்த வேகன்

மாதா துணை

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள ஜோன்ஸ் அப்பாவுக்கு,

உங்கள் ஜெயஷீலா எழுதிக்கொள்வது. இங்கே வீடும் வீட்டிலுள்ளவர்களும், தண்ணீர் மோட்டார் நீங்கலாக, நல்ல சுகம். நீங்களும் உங்கள் என்ஜினும் அதேபோல் கோளாறில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் நம் மகன் ஜோன்ஸின் கல்யாணப் பேச்சை எடுத்தாலே உங்கள் கப்பலில் சிக்னல் போய்விடுகிறது. மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசினால் மட்டும் பக்கத்து அறையில் இருப்பதுபோல் கேட்கிறது. இது கடலின் குணமா வேறு யாருடைய குணமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறப்போகிற அமலனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "மாமா கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காவளான்னு பக்கத்துல நின்னு பாத்துக்கோ" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நிற்பான். நல்ல பையன்.

முதலில் பெண்ணைப் பற்றி. ஜோன்ஸ் உங்களிடம் சொன்னபோது நீங்கள் "அங்கன மழ உண்டா?" என்று கேட்டுவிட்டீர்களாம். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். பெயர் ஐஸ்வர்யா. ஜோன்ஸ் வேலை பார்க்கிற கிளியரிங் ஆபீஸில்தான் அவளும். அப்பா செந்தில்முருகன், மார்க்கெட்டில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருக்கிறார். நம் ஆட்கள் இல்லை, நம் வேதமும் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மழையைப் பற்றிக் கேட்டீர்கள்.

அவர்கள் வீட்டில் பேசி, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வருவதாக முடிவானது. நான் விருந்துக்கு என்ன மீன் வாங்கலாம் என்று கேட்டேன். ஜோன்ஸ் தலையைச் சொறிந்தான். "அம்மா, அவங்க அப்பா அம்மா எல்லாம் சாப்பிடுவாங்க. அவ மட்டும் வீகன்" என்றான்.

வீகன் என்றால் என்ன என்று கேட்டேன். மீன், கறி, முட்டை கிடையாது என்றான். சரி, சைவம். எத்தனை பேர் இல்லை! பாலும் கிடையாது என்றான். தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. தேன்கூடக் கூடாதாம். தேனீ யாருக்கும் கொடுப்பதற்காகச் சேர்க்கவில்லையாம். பட்டுச் சேலை கட்டமாட்டாளாம், அதில் புழு சாகிறதாம். எனக்குச் சட்டென்று உங்கள் அம்மா எனக்குப் போட்ட முத்துக் கம்மல் நினைவு வந்தது. மருமகளுக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறேனே, அது? அதுவும் கூடாதாம், சிப்பி சாகிறதாம். முத்து கூடாது என்றால் நம் பாட்டன் பூட்டன் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் எதற்குப் போனார்கள் என்று கேட்டேன். "அவளும் அதைத்தாம்மா கேட்டா" என்றான் உங்கள் மகன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் இவனை எதையும் விடச் சொல்லவில்லை. ஆனால் இவன் காலையில் சீலா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் முறை பல் தேய்த்துவிட்டு ஆபீஸ் போகிறான். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு முறை தேய்க்க வைக்கவே நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

அன்றே என் தம்பி பெவினுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது ஆண்பிள்ளை என்று அவன்தானே. அவன் ஹார்பரில் லாரியோடு நிலக்கரி லோடுக்குக் காத்திருந்தான். பின்னால் ஒரே இரைச்சல். நானும் கத்தினேன், அவனும் கத்தினான். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், பெண் வீகன் என்று சொன்னேன். "என்னது, வேகனா?" என்றான். "ஆமாலே, அதான்" என்றேன். "யக்கா, சூப்பர்!" என்று வைத்துவிட்டான். வீகன் பெண் கிடைத்ததில் இவனுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று நினைத்தேனே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

யோசிக்க எனக்கு நேரமில்லை. வருகிற பெண்ணுக்கு இனிப்பாக என்ன கொடுப்பது? நம் ஊரில் விருந்தாளி என்றால் மக்ரூன். அது முழுக்க முட்டையின் வெள்ளைக்கரு. லட்டு, மைசூர்பாகு எல்லாம் நெய். கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் "நெய்யும் பாலும் இல்லாம வேணும்னா சீனிதான் இருக்கு" என்றார். யூடியூபில் தேடினேன். ஒரு பெண் பாலும் முட்டையும் இல்லாமல், நடுவில் பழம் வைத்துச் சுருட்டி, மெத்துமெத்தென்று இனிப்பு ரோல் செய்து காட்டினாள். நீங்கள் துபாயிலிருந்து தூக்கிவந்த ஓவனுக்குள் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்தேன். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் அது முதன்முதலாகச் சூடானது.

மைதா, தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய், சீனி, உப்பு, ஈஸ்ட். ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஈஸ்ட்டுக்கு உயிர் உண்டுதானே? இதைக் கொல்லலாமா? ஜோன்ஸை விட்டு அவளிடம் கேட்கச் சொன்னேன். ஈஸ்ட் பரவாயில்லை, அதற்கு வலி தெரியாது என்று பதில் வந்தது. முதல் தடவை அதை நன்றாகவே கொன்றுவிட்டேன். தேங்காய்ப்பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். மாவு எழும்பவே இல்லை. சுட்டு எடுத்ததைக் கீழே போட்டால் தரை ஓடுதான் உடையும். ஜோன்ஸ் ஒன்றை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா, கொஞ்சம் ஊற வச்சா" என்றான்.

இரண்டாம் தடவை பாலை ஆறவைத்து, விரல் பொறுக்கிற சூட்டில் ஊற்றினேன். மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு மாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போனேன். நம் ஊர் வெயிலைப் பற்றி யூடியூப் பெண்ணுக்குத் தெரியாது, பிரசங்கம் அன்று நீளும் என்று எனக்கும் தெரியாது. திரும்பி வந்தால் மாவு பாத்திரத்தை விட்டு இறங்கிக் குசினி மேடையில் நடந்துகொண்டிருந்தது. வீடு முழுக்கக் கள் வாசனை. மோட்டார் பார்க்க வந்திருந்த மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அண்ணன் கப்பல்ல இருந்து வந்துட்டாவளாக்கா?" என்று கேட்டான். நீங்கள் இல்லாத இடத்திலும் உங்கள் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மாவை வழித்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. செந்தில்முருகன் அண்ணாச்சி.

"ஜோன்ஸ் அம்மாவா? நாங்க ஞாயித்துக்கெழம வரல" என்றார். குரல் சரியில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் இல்ல" என்றார்.

பாவம், வருவதற்கு வண்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சிரிக்கக் கூடாது. "அதெப்படி அண்ணாச்சி, வண்டி இல்லாம? வண்டி முக்கியம்லா? நீங்க எப்படியாவது ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டியைப் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப ஊருக்குள்ள பேசுறது உண்மதான். நாங்க பொண்ணத்தான் குடுக்கதா இருந்தோம்மா, காரு குடுக்கதா இல்ல. விலை பேசுற வீட்டுக்கு எம் புள்ள வராது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கையெல்லாம் மாவு. ஒட்டிக்கொண்ட போனைக் காதிலிருந்து எடுக்கவே முடியவில்லை. அதற்குள் ஜோன்ஸ் வந்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. ஐஸ்வர்யா அவன் போனை எடுக்கவில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: உங்க அம்மாவே அப்பாகிட்ட வண்டி கேட்டாங்களாம், இனி என்கிட்ட பேசாதீங்க. "அம்மா, நீ வண்டி கேட்டியா?" என்று என்னிடம் கேட்டான். என் பிள்ளை அதுவரை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கேட்டது நிஜம்தான், ஆனால் கேட்கவில்லை என்று எப்படி விளக்குவது? அப்படியே குசினித் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு, இந்தச் சம்பந்தத்தைப் பற்றி நான் வெளியில் சொன்னது பெவினிடம் மட்டும்தானே என்று உறைத்து, அவனை வரவழைத்தேன். வரும்போதே அவன் கையில் கார் கம்பெனி படம் போட்ட காகிதம். என்ன கலர் எடுக்கச் சொல்லலாம் என்று மாப்பிள்ளையிடம் கேட்க வந்திருக்கிறான்! அவன் சொன்னது இது: "யக்கா, நீதான சொன்ன, பொண்ணு வீட்டுல வேகன்னு? எனக்கு வேகன்னா ரெண்டுதான் தெரியும். ஒண்ணு கூட்ஸ் வண்டி. நிலக்கரி வேகன யாரும் மருமகனுக்குத் தரமாட்டாவ. அப்ப வேகன் ஆர் காருதான்னு முடிவு பண்ணினேன்." முடிவு பண்ணியவன் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஹார்பர் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து லாரிக்காரர்கள் வழியாக மார்க்கெட்டுக்குப் போய், அண்ணாச்சி கடையில் மூட்டை இறக்குகிறவர், "மருமகனுக்குக் காரு எடுக்கீயளாமே அண்ணாச்சி, வாழ்த்துகள்" என்று கைகுலுக்கியிருக்கிறார்.

தம்பியை என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதவில்லை. அமலன் ஒருவேளை பிரித்துப் படித்தாலும் படிப்பான்.

போனில் விளக்கினால் இன்னும் கெட்டுப்போகும், நேரில் போவது என்று முடிவு செய்தேன். ஜோன்ஸ் வேண்டாம் என்றான். போனால் என்னையும் அவமானப்படுத்தி அனுப்புவார்கள் என்றான். அனுப்பட்டும், ஆனால் கார் கேட்டவள் என்ற பெயரோடு நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்றேன். போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? அதே ரோலை மறுபடியும் செய்யத் தொடங்கினேன். இந்த முறை யூடியூபைப் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் மாவை அடித்து அடித்துப் பிசைந்தேன், பெவின் முதுகு என்று நினைத்துக்கொண்டே. அதுதான் பக்குவம் போலிருக்கிறது. மாவு காது மடல் போல மிருதுவாக வந்தது. ஏரல் வாழைப்பழத்தையும் அன்னாசியையும் பொடியாக நறுக்கி, கருப்பட்டி போட்டு, தண்ணீர் வற்றி அல்வா பதம் வருகிறவரை கிளறினேன். ஏலக்காய் தட்டிப்போட்டேன். மாவு எழும்பும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. விரித்து, பழத்தைப் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, துண்டு போட்டு, மேலே தேங்காய்ப்பால் தடவி ஓவனில் வைத்தேன். வந்த வாசனைக்கு ஜோன்ஸ் தானாகவே குசினிக்கு வந்து நின்றான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன். ஒன்று கொடுத்தேன். தின்றுவிட்டு, "நானும் வாரேம்மா" என்றான்.

ஞாயிறு சாயங்காலம் மூவரும் பிரையண்ட் நகரில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். பெவினிடம், வாயைத் திறந்தால் மன்னிப்புக்கு மட்டும்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி டப்பாவை அவன் கையில் கொடுத்தேன். அண்ணாச்சி கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவர் வீட்டம்மா சுடலைமாடத்தி பின்னால் நின்றார். பெண் உள்ளறை வாசலில், கையைக் கட்டிக்கொண்டு. நான் பேசத் தொடங்குவதற்குள் பெவின் முந்திக்கொண்டான்.

"அண்ணாச்சி, தப்பு பூராவும் எம் மேலதான். எங்கக்கா பொண்ணு வீகன்னு சொன்னா. எங் காதுல வேகன்னு விழுந்துட்டு" என்று தொடங்கி, கூட்ஸ் வண்டி, நிலக்கரி, கார் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அண்ணாச்சி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, நீ பால் குடிக்காம கெடக்கதுக்குப் பேரு வேகனா?" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வீட்டில் யாருக்குமே அந்த வார்த்தை தெரியாது. சொந்தக்காரர்களிடம் எல்லாம் மகள் விரதம் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்ல மாப்பிள்ளை கிடைப்பதற்கான விரதம் என்று சொந்தக்காரர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சுடலைமாடத்தி ஆசையோடு என்னைப் பார்த்து, "அதான் மாப்ள கெடச்சாச்சே, இனி விட்ருவாள்லா?" என்றார். "அம்மா!" என்று அந்தப் பெண் கத்தினாள். அதற்குமேல் அவளால் கோபமாக நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அவள் சிரித்ததைப் பார்த்து ஜோன்ஸ், அவனைப் பார்த்து நான். கடைசியாக அண்ணாச்சி. "இருங்க, இருங்க. ஏன் நிக்கீய?" என்றார்.

டப்பாவைத் திறந்தேன். பெண் எட்டிப் பார்த்தாள், தொடவில்லை. பால், நெய், முட்டை எதுவும் இல்லை, எல்லாம் தேங்காய்தான் என்று சொன்னேன். ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதை முடித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதையும் முடித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இல்லாமல் மூன்றாவதை எடுத்தாள்.

காப்பி போட உள்ளே போன சுடலைமாடத்தி என்னையும் கூப்பிட்டார். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினார். மகள் பிறந்தநாளுக்குப் பழக்கத்தில் நெய் ஊற்றிக் கேசரி கிண்டிவிட்டாராம். அவள் சாப்பிடவில்லை. இவர் அவள் முன்னாலேயே அதைக் கொட்டிவிட்டாராம். அதிலிருந்து அந்தப் பெண் தானே சோறும் பருப்பும் வைத்துத் தின்கிறாளாம். "எம் புள்ள எங்கிட்ட எதையும் கேட்டு வாங்கித் திங்கிறதே இல்லம்மா. இத எனக்குச் சொல்லித் தாரீயளா?" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். பால் ரொம்பச் சூடாக இருக்கக் கூடாது என்கிற இடத்துக்கு வரும்போது பார்த்தால், பெண் வாசலில் நிற்கிறாள். வந்து அம்மா கையிலிருந்த காப்பித் தட்டை வாங்கிக்கொண்டாள். போகிற போக்கில் ஒரு ரோலைப் பிய்த்து அம்மா வாயில் வைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு கல்யாணப் பேச்சு. கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு ஆச்சரியம், கோயிலில்தான் வைக்கவேண்டும் என்று நானும் சொன்னேன். பெரிய பிரச்சினை ஒரே நிமிஷத்தில் முடிந்தது என்று இரண்டு பேருக்கும் ஏக சந்தோஷம். அவர் சொன்னது முருகன் கோயில், நான் சொன்னது மாதா கோயில் என்பது காப்பி குடித்து முடிக்கும்போதுதான் தெரிந்தது. அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். ஏதாவது ஒரு வழி பண்ணுவார்கள். இரண்டு இடத்திலும் வாசலில் செருப்பைக் கழற்ற என்னால் முடியும்.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னிடம், "மாமாவுக்குக் கப்பல்ல ஒழுங்கா சாப்பாடு கெடைக்குமா அத்தை?" என்று கேட்டாள். நம் வீட்டில் ஒருவரும் உங்களைப் பற்றி அந்தக் கேள்வியை இதுவரை கேட்டதில்லை, நான் உள்பட. எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், கிடைக்கிறதா?

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். அமலனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வாசல்வரை வந்த அண்ணாச்சி, "எல்லாம் சரிதான். ஜோன்ஸ் அப்பா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். ஜோன்ஸ் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான். பெவின்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் போய், என் வீட்டுக்காரர் மழையைப் பற்றிக் கேட்டார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அவங்களுக்குப் பூரண சம்மதம் அண்ணாச்சி. அவங்களே உங்ககிட்ட பேசணும்னு இருக்காவ" என்று சொல்லிவிட்டேன்.

ஜோன்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், "அப்பா நெஜமாவே சொன்னாவளாம்மா?" என்றான். கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று நான் அவனிடம் கேட்டேன். உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் இது ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சியின் நம்பரை இதோடு வைத்திருக்கிறேன். மதியம் அவர் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும். நீங்கள் அதிகம் பேசவேண்டாம். பேச்சு வராவிட்டால் பலசரக்கைப் பற்றிப் பேசுங்கள், அவருக்குப் பிடிக்கும். நடுவில் எங்கேயாவது பிள்ளைகள் என்ற வார்த்தை வந்தால் போதும், மீதியை அவர் புரிந்துகொள்வார். உங்களுக்கு உள்ளுக்குள் இருக்கிற வருத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். அதை அந்தப் பிள்ளைகள் தலையில் வைக்கவேண்டாம்.

மாதா உங்கள் கப்பலுக்கு நல்ல காற்றையும், உங்கள் வயிற்றுக்கு நல்ல சோற்றையும் தரட்டும். நல்ல மனசு தரச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உங்களிடம் இருப்பதை நம்பித்தான் அந்த வீட்டு வாசலில் அப்படிச் சொன்னேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்,
ஜெயஷீலா